நடுவில் தேய்ந்த ஸ்க்ரூ

மூடிப்போன பம்பு கம்பெனியின் பழைய இரும்பை ஏலத்தில் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நஞ்சப்பன் ஒரு சிஎன்சி மெஷின் கட்டினான். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி அதுவே இரும்பை வெட்டிக்கொள்ளும். பதினெட்டு வருஷம் அதே கம்பெனியில் உட்கார அனுமதியில்லாமல் மெஷின் முன்னால் நின்று நின்று காலில் நரம்பு முடிச்சு விழுந்த வேலாத்தாளுக்கு, கட்டிய புருஷனாக அவன் கொடுத்திருந்த வாக்கு அது. கத்தி மாட்டும் இடத்தில் பேனாவைக் கட்டி வட்டம் போடவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வட்டமும் ஒரே இடத்தில் நெளிந்தது. மேசையை நகர்த்தும் நீள ஸ்க்ரூ நடுவில் தேய்ந்திருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் நடு நடுவில்தானே இருக்கும். ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினான். பத்தாம் நாள் டீ கொண்டுவந்த வேலாத்தாள் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏனுங்க, இது நான் நின்ன நாலாம் நம்பர் மெஷினோட ஸ்க்ரூங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் டம்ளரை வைத்துவிட்டு, இடது உள்ளங்கையை மேசை விளிம்பில் வைத்தாள். பேனா அந்த இடத்துக்கு வந்தபோது பார்க்காமலே லேசாக அழுத்தினாள், தாண்டியதும் விட்டாள். வட்டம் நெளியாமல் கூடியது. நஞ்சப்பன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவள் மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே மெஷின் பக்கம் இழுத்தாள். ஆனால் உட்காரவில்லை.

"இங்கயாச்சும் உக்காந்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.