தையல்காரரின் முதுகுவலி

"சும்மா படுத்திருந்தா போதுங்க. கத்தியா வைக்கப் போறாங்க? இதுக்குப் போய் இப்படி முழிக்கிறீங்களே."

ஸ்கேன் சென்டர் நாற்காலியில் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தையல்காரருக்குத் தைரியம் சொன்னது அவர் மனைவி. சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் புற்றுநோய் வந்து இரைப்பையையே முழுசாக எடுத்த பிறகும், சீக்கிரமே எழுந்து வந்து கடையில் பட்டன் தைத்தவள்.

இரைப்பை இல்லாவிட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது, எலும்பு ஓசைப்படாமல் கரையும், அவ்வப்போது படம் எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கான்சரையே ஓட ஓட விரட்டினவள் நான், எலும்பு என்னை என்ன பண்ணும் என்று கேட்டவள், அதற்கப்புறம் எந்த மெஷினிலும் படுக்க மறுத்துவிட்டாள்.

இப்போது அவள் கவலையெல்லாம் கணவர்மேல்தான். முதுகு வலிக்கிறது என்று அவர் முனகாத நேரமில்லை. போதாததற்கு அளவு வேறு தப்புகிறது. அவளுக்கு அவர் தைக்கும் நைட்டியெல்லாம் தரையைக் கூட்டுகிறது. கேட்டால் மழுப்புகிறார். மனுஷன் தளர்ந்துவிட்டால் கடை என்னாவது? அதனால்தான் பிடித்த பிடியில் இழுத்து வந்துவிட்டாள்.

"எலும்பு உளுத்துப் போச்சுன்னு சொல்லிட்டா?" என்றார் அவர்.

"சொன்னா மாத்திரை, ஊசின்னு பார்த்துக்கலாம். தெரியாம இருக்கிறதுதாங்க ஆபத்து. நான் இருக்கேன்ல."

"அப்ப எடுத்துரலாம்ங்கறியா?"

"எடுத்தே ஆகணும்."

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வாங்கம்மா. வளையல், செயினெல்லாம் கழட்டிட்டு வந்து படுங்க."

"எனக்கில்லம்மா, இவருக்கு."

"உங்க பேர்லதானே பதிஞ்சிருக்கார்?"

அவள் கணவரை முறைத்தாள். தையல்காரர் வலியின் சுவடே இல்லாமல் நிமிர்ந்து எழுந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு முதுகுவலியும் இல்ல, அளவும் தப்பல. உன் நைட்டிய அன்னைக்கு வெட்டின அதே நீளத்துலதான் இன்னைக்கும் வெட்டறேன். நீதான் ரெண்டு விரல் உயரம் குறைஞ்சுட்ட."