முதல் ஸ்டார்ட்

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தே, தொலைச்சிடுவேன்! எஞ்சின் வேகம் காட்டுற முள்ளு ரெண்டாயிரத்துக்குக் கீழ இறங்கவே கூடாது!"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் பத்தாவது தடவையாகச் சொன்னார் கார்க்காரர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஐம்பது வருடப் பழைய கார். அதன் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, அவர் வீட்டு ஷெட்டிலேயே மூன்று மாதம் உழைத்து நேற்றுதான் பூட்டி முடித்திருந்தார் மெக்கானிக்.

"எவ்வளவு நேரம்ங்க அழுத்தணும்?"

"இருபது நிமிஷம். உள்ள இருக்கிறது புது கேம் ஷாஃப்ட், வால்வையெல்லாம் திறந்து மூடுற தண்டு. முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் வேகமா ஓடினாத்தான் அதுக்கு ஆயில் தெறிச்சுப் போகும். மெதுவா ஓடவிட்டா தேய்ஞ்சிடும், மறுபடியும் எஞ்சினைப் பிரிக்கணும். உனக்கு எங்க புரியப் போகுது!"

"அவ்வளவு முக்கியம்னா நீங்களே உட்காரலாமே?"

"நான் சத்தத்தைக் கவனிக்கணும். அதுக்குக் காது வேணும்டி!"

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு தம்பி" என்று மெக்கானிக்கிடம் முணுமுணுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் உறுமியது. கால் மரத்துப் போனது. கன்னத்தில் கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் கடித்தது. அவள் அசையவில்லை. முள் ஆணி அடித்தாற்போல் நின்றது. கார்க்காரர் மட்டும் பெரிய டாக்டர் மாதிரி காதைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார்.

இருபது நிமிடம் முடிந்ததும் மெக்கானிக் கைகாட்ட, காலை எடுத்தாள். உறுமல் அடங்கியதும் உள்ளேயிருந்து கேட்டது... டிக், டிக், டிக்.

"போச்சு! கேம் போச்சு!" கார்க்காரர் குதித்தார். "நடுவுல காலை எடுத்திருக்கே! இது யார் பண்ண வேலைன்னு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்றேன் பாரு!"

"நான் அசையவே இல்லீங்க..." அவள் குரல் உடைந்தது.

மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அக்கா மேல தப்பில்ல சார். நேத்து மத்தியானம் நான் சாப்பிட்டு வந்தப்பவே சைலன்சர் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரம் மெதுவா ஓடவிட்டு ரசிச்சீங்க?"

கார்க்காரர் இழுத்தார். "ஒரு... பத்து நிமிஷம். அது தப்புன்னு அப்புறம்தான் படிச்சேன்."

"பழி சுமக்க ஆள் வேணும்னுதான் என்னை உட்கார வச்சீங்களா?" என்றாள் மனைவி.

"விடுங்கக்கா, ஒண்ணும் கெட்டுப் போகல" என்று சிரித்தார் மெக்கானிக். "நான் அந்தப் பக்கம் போனதும் சாவியைத் திருப்பாத ஓனரை நான் பார்த்ததே இல்ல. அதனால எப்பவும் முதல்ல பழைய கேமைத்தான் பூட்டுவேன், அது அப்படித்தான் தட்டும். இன்னிக்கு நடந்தது வெறும் ஒத்திகை. புதுசு என் கடையில பெட்டி பிரிக்காம இருக்கு. அதைப் பூட்டுற அன்னிக்கும் அக்காவே உட்காரட்டும், சார் மட்டும் எங்கயாவது வெளியூர் போயிட்டு வரட்டும்!"