சிலிண்டரில் ஒரு கீறல்

"நீளக் காம்பு வேணாம் தியாகு. அது உள்ள போயி ஆட்டம் போடும்" என்றார் ஜாபிர் பாய்.

செம்பனார்கோவில் கடைத்தெருவில் இருந்தது பாயின் டூல்ஸ் கடை. மெக்கானிக் தியாகு கண்ணாடிப் பெட்டிமேல் உலோகம் ராவுகிற, காம்பு வைத்த பிட்டுகளைப் பரப்பி, வெண்டைக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை இதுதான். சாரங்கபாணி ஐயாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் இழுக்க மாட்டேன் என்கிறது. சிலிண்டரில் புகை வெளியேறும் வழியை மேடு பள்ளம் இல்லாமல் ராவிவிட்டால் பழையபடி சீறும். அதற்குக் கைக்குள் அடங்குகிற கிரைண்டரும், அதன் வாயில் மாட்டப் பல் வைத்த பிட்டும் வேண்டும்.

வெளிப்பக்கம் அலுமினியம், அதற்கு அகலப் பல். இல்லாவிட்டால் தூள் அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது இரும்பு, அதற்கு நெருக்கப் பல். கடைசியில் உப்புத்தாள் சுருள். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நீளக் காம்புதான் வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிற மிஷின் வாங்கு என்றும் சொன்னார். தியாகுவிடம் இருந்ததோ ஒரே வேகத்தில் பறக்கிற மிஷின்.

"என் கை ஆடாது பாய்" என்று நீளக் காம்பையே எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் சாரங்கபாணிக்கு அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் காருக்குச் சொல்லி வைத்தும் அவர் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி மங்களாம்பிகையை ஏற்றி வந்த அதே பைக்கில்தான் அறுபதாம் கல்யாணத்துக்கும் போகப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவும் ஒருநாள் பட்டறைக்கே வந்து, "அவரு ரொம்ப ஆசைப்படறாரு தம்பி. எப்படியாச்சும் ஓட வெச்சுடுங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இந்த வயசிலும் என்ன ஆசை என்று தியாகு உருகிப்போனான்.

அலுமினியம் வெண்ணெய் மாதிரி வந்தது. உள் இரும்புக்குப் போனபோதுதான் பிட் துள்ளியது. துவாரத்தை விட்டு வெளியே பாய்ந்து, பிஸ்டன் ஓடுகிற உள்சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது.

தியாகு நகத்தால் தடவினான். நகம் மாட்டியது. இனி உள்சுவரைக் கடைந்து, போர் போட்டுப் பெரிதாக்கவும் அதில் சதை இல்லை. ஏற்கெனவே கடைசி சைஸ்வரை கடைந்தாயிற்று.

பிட் மட்டம் என்று பாய்மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டு, நேரே பாயிடம் போய் நின்றான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை வரவில்லை அவர் வாயில். நாகப்பட்டினத்தில் பழைய சாமான் வியாபாரிக்குப் போன் போட்டு, அதே வண்டிக்கு ஒரு சிலிண்டரை சாயங்காலத்துக்குள் வரவழைத்துக் கொடுத்தார். தியாகுவுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பேசாமல் மாட்டிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு சிலிண்டர்களையும் எடுத்துக்கொண்டு சாரங்கபாணி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னான்.

அவர் கெட்டுப்போன சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு போட்டாரே ஒரு சத்தம். ஊரெல்லாம் சொல்லி வைத்தேனே, இனி யார் முகத்தில் முழிப்பேன் என்று தாண்டிக் குதித்தார். மங்களாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தியாகு அவசரமாக இன்னொரு சிலிண்டரை எடுத்து நீட்டினான். "ஐயா, இதை மாட்டி நாளைக்கே ஓட வெச்சுடறேன்."

"வேற வண்டி சாமானைப் போட்டா அது எங்க வண்டியா இருக்குமா தம்பி?" என்றார் மங்களாம்பிகை.

"அதானே. விடு, கார்லயே போய்த் தொலையறோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் சாரங்கபாணி.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தியாகு வெளியே வந்தான். வைக்கோல் போருக்கு மறைவில் பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்தார்கள். சாரங்கபாணிதான்.

"தெய்வம் மாதிரி வந்தே தியாகு. கிக்கரை உதைக்க இந்த முட்டி எங்க ஒத்துக்குது? ஒரு வேகத்துல சொல்லிட்டேன். அவளும் சந்தோஷமா தலையாட்டிட்டா. எப்படி மாத்திப் பேசறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

தியாகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் தன் வண்டியை எடுத்தான்.

கொல்லைப்பக்கம் திரும்பினால், வேலி ஓரம் மங்களாம்பிகை நின்றிருந்தார். கையில் ஒரு பை நிறையப் புது அரிசி, அதன்மேல் கத்தரிக்காய்.

"வாங்கிக்குங்க தம்பி. பட்டுப் புடவையோட அந்த வண்டியில போனா என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அவரு மனசு நோகக் கூடாதேன்னு வாயைத் திறக்கல. வேண்டாத சாமியில்ல. கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும்."

தியாகு சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை வாங்கினான்.

அந்த அம்மா வீட்டுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த இன்னொரு சிலிண்டரை மட்டும் அவரு கண்ணுல படாம எங்கயாச்சும் வெச்சுடுங்க. பாவம், ஆசைப்படுவாரு."