ருசி பார்க்காத சமையல்

கல்யாண நாள் விருந்து என்று ப்ரீதா ஃபோனில் சொன்னதை நம்பி, வேலை பார்க்கும் குற்றாலம் லாட்ஜிலிருந்து சாரலில் நனைந்தபடி ஓடிவந்த வைத்தீஸ்வரனுக்கு இலையைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. பாகற்காய், பிரண்டைத் துவையல், மிளகுக் குழம்பு. ஓரத்தில் எள்ளுருண்டை வேறு!

"அபிஷ்டு! கல்யாண நாளும் அதுவுமா யாராவது திதிச் சாப்பாடு போடுவாளா?"

பாவம், அவள் கேரளத்துப் புனலூர்க்காரி. இந்த வீட்டு வழக்கமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து மோர்க்கூழ், புளியோதரை என்று ஒவ்வொன்றாக ஆசையாய்க் கற்றுக்கொண்டிருந்தாள். சரி போகட்டும் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"சீசனுக்கு வந்த ஒரு அக்கா. அருவியில குளிக்கையில பழக்கம்." ப்ரீதா சிரிக்கவில்லை. "திதிச் சாப்பாடுன்னு தெரியும் சேட்டா. ருசி பார்க்காம சமைக்கணும்னு கூடத் தெரியும்."

"யாருக்குடி திதி?"

"உங்க மூத்த சம்சாரத்துக்கு."

வைத்தீஸ்வரன் இலைக்கு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மீனு விஷக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று, பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவன் சொல்லி முடித்த பேச்சு அது. அது மறுபடி கிளம்பினால் இந்தக் குடித்தனமும் அம்போதான்.

"எதுக்கு இப்போ அந்தப் பேச்சை எடுக்கறே?"

"என்னைக்குச் செத்தாங்கன்னு கேட்டா நீங்க வாயே திறக்கல. அதான் நானே ஒரு நாள் பார்த்தேன். ஒருவாய் சோறு வைக்கலேன்னா அவங்க நம்மளைச் சும்மா விடுவாங்களா? சாப்பிடுங்க."

வாக்குவாதம் வேண்டாமென்று துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தான். எள்ளை வறுத்து அரைத்து, துளி வெல்லம் சேர்த்த துவையல். அவனுக்குத் தெரிந்து பிரண்டையை இப்படி அரைக்கிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

சட்டென்று நிமிர்ந்தான். அப்போதுதான் எதிரே கவனித்தான். அவனுடையதைத் தவிர இன்னும் இரண்டு இலைகள் போட்டிருந்தன.

"நாம ரெண்டு பேர்தானே? மூணாவது இலை யாருக்கு?"

ப்ரீதா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "அக்கா, வாங்க. அவர் உட்கார்ந்தாச்சு."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்த மீனு, மூன்றாவது இலையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன்னா, என் திதிக்கு நானே சமைச்சேன். உப்பு சரியா இருக்கா?"