ஐம்பத்தொன்பது மதில்களும் ஒரு வாளும்

அவரவர் சேர்த்த கட்டோடு வந்து நான்கு பேர் ஆடும் அட்டை விளையாட்டு அது. ஞாயிறுதோறும் செல்வின் வீட்டில் நடக்கும். முதலில் தோற்பவனும் செல்வின்தான். தோற்றதும் எழுந்து உள்ளே போய்விடுவான். மற்ற மூவரும் இன்னும் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். அந்த மூவரில் ஒருவனான பிரதீஷுக்குப் பாவமாக இருந்தது. இரண்டு மாதம் தேடி ஒரு புதுக் கட்டு சேர்த்தான். அறுபது அட்டைகளில் ஐம்பத்தொன்பதும் பக்கத்து ஆட்டக்காரனைக் காக்கும் மதில்கள். தாக்கும் அட்டை ஒன்றாவது வேண்டும் என்ற விதிக்காக, ஒரே வெட்டில் ஆளைச் சாய்க்கும் வாள் ஒன்று.

அந்த ஞாயிறு பிரதீஷின் பக்கத்தில் உட்கார்ந்த செல்வினை யாராலும் தொட முடியவில்லை. அவன் முகத்திலோ சிரிப்பே இல்லை. உள்ளறையில் அவன் அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டினார். சற்றுப் பொறுத்து மறுபடியும், மெதுவாக.

"என்னல, கூப்பிடுதாரா?" என்றான் பிரதீஷ்.

"திருப்பிப் படுக்க வைக்கணும். எப்பவும் இந்நேரம் தோத்துட்டுப் போயி முடிச்சிருப்பேன். நடுவுல எழும்புனா உங்க ஆட்டம் கெட்டுப்போவும் மக்கா. நீ ஆடு."

பிரதீஷ் தன் மதில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். கட்டைப் பிரித்துத் தேடி, வாளை எடுத்து செல்வின் முன் வைத்தான்.

"நீ அவுட்டு," என்றான். "நானும் அவுட்டு. எழும்பு, ரெண்டு பேருமாப் போவோம்."