தூங்குமூஞ்சி சகாயராஜ்

மல்லாட்டை மூட்டையின் வாயைத் தைத்த சகாயராஜ், தன் லுங்கி நுனியையும் சேர்த்தே தைத்துவிட்டான். மூட்டை லாரி ஏறியது, லுங்கியும் ஏறியது. பட்டாபட்டியோடு நின்றவனுக்கோ, ஆற்றில் மிதந்துபோகிற மாதிரி சுகமாகத்தான் இருந்தது.

திண்டிவனம் வேர்க்கடலை மண்டியே சிரித்தது, மேஸ்திரி குமரேசனைத் தவிர.

"காலைலயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

"மாதா சத்தியமா குடிக்கலீங்க மேஸ்திரி."

"அப்போ சுத்த சோம்பேறி. நாளையிலேருந்து வராத!"

சகாயராஜ் மறுக்கவில்லை. ஆறு வருஷத்தில் போகிற நாலாவது வேலை இது. நாலு மேஸ்திரிகளும் ஒரே மாதிரி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

கடன் வாங்கிக் கட்டிய வேட்டியோடு, மிதந்தபடியே மருந்துக்கடைக்குப் போனான். புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் காலி அட்டையை நீட்டினான்.

"இதுல ஒரு அட்டை குடும்மா. மல்லாட்டைத் தூசுக்குத் தும்மல் நிக்கமாட்டேங்குது. காலைல ரெண்டு, மதியம் ரெண்டு போட்டாத்தான் வேலையே செய்ய முடியுது."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாருண்ணா?"

"டாக்டரா? கூட மூட்டை தைக்கிறவரு சொன்னாரு. ஆறு வருஷமாச்சு." வாய்கொள்ளாமல் கொட்டாவி விட்டான். "அப்படியே சோம்பேறித்தனத்துக்கும் ஒரு மாத்திரை இருந்தா குடும்மா."

அவள் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க சோம்பேறி இல்லண்ணா. உங்களைத் தூங்க வெக்கிறதே இதுதான். டாக்டராண்ட காட்டுங்க, தும்மலுக்கே இவ்ளோ தூக்கம் வராத மாத்திரை இருக்குது."