அப்பாவின் பட்டன்

அண்ணனும் தங்கையும் கட்டிலருகே வந்ததும், அப்பாவின் கட்டைவிரல் சட்டென்று மடங்கி உள்ளங்கைக்குள் போய்விட்டது. பக்கவாதம் வந்த அந்த உடம்பில் அசைவது அது ஒன்றுதான்.

"பார்த்தியா? உன்னைக் கண்டாலே இப்படித்தான்" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது.

அம்மா இறந்தபோது, தகவல் தெரிந்து தங்கை வெளியூரிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை என்று அண்ணன் ஃபோனில் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவான். அப்பா ஃபோனுக்கே வரமாட்டார். பிறகு பேச்சும் போய்விட்டது.

இன்று மாலை அவளுக்கு விமானம். அதற்குள் அப்பா வாயால் இல்லாவிட்டாலும் விரலாலாவது, மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தவித்தாள்.

அதற்காகவே லினக்ஸ் மென்பொருளில் ஓடும் ஒரு கையடக்கக் கருவியை முன்பே அனுப்பியிருந்தாள். அது எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லும். வேண்டிய எழுத்து வரும்போது அப்பா பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால் போதும், எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிடும். இப்போது அந்தப் பட்டன் உடைந்து கிடந்தது.

"கீழ விழுந்து ரொம்ப நாளாச்சும்மா. சரி பண்ணித் தரேன்னு எவ்வளவோ சொன்னேன். அப்பாதான் வேண்டாம்னுட்டாரு."

அவள் எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. யூஎஸ்பியில் சொருகும் பெரிய பட்டன் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மாட்டினாள். கருவி கண்டுகொள்ளவே இல்லை.

இதுவரை கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டே பழகிய கருவி அது. இன்னொன்றை வேலை வாங்க வேண்டுமானால் ஹோஸ்ட் மோடுக்கு மாற்ற வேண்டும். மருமகளை ஒரே நாளில் மாமியாராக்குகிற வேலைதான். திரையில் கட்டளையை அடித்தாள். தப்பு. மறுபடி அடித்தாள்.

மோடு மாறியது, பட்டனில் விளக்கு எரியவில்லை. கருவி கொடுக்கிற கரண்ட் அதற்குப் போதவில்லை. சுவரிலிருந்து தனியாகக் கரண்ட் வாங்கிப் பட்டனுக்குக் கொடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்று இருந்தால் போதும் என்று அழாத குறையாகக் கேட்டாள். வீட்டில் அப்படி எதுவும் கிடையாது, நேரமாகிறது, அப்பாவைப் போட்டுப் படுத்தாதே என்றான் அண்ணன்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து உள்ளே போனாள். தன் கம்ப்யூட்டரிலிருந்து ஹப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, புருஷன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்தது. தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடங்கியிருந்த கட்டைவிரலை மெல்ல விரித்துப் பட்டன்மேல் வைத்தாள்.

எழுத்துகள் ஓடின. விரல் அங்கங்கே அமுக்கியது. கடைசியில் கருவி சேர்த்துப் படித்தது.

"வெளியே போ."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா" என்று தோளைத் தட்டிய அண்ணன், அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டான். அப்பாவின் காலை ஒரு முறை தொட்டுவிட்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

பின்னால் பட்டன் விடாமல் டக் டக்கென்றது. கருவி மறுபடியும் படித்தது.

"நீ இல்லம்மா."